உப்புக்காற்றில் ஒரு பாரந்தூக்கி



காங்கேசன்துறைப் பக்கம் போனவர்கள் பழைய சீமெந்துத் தொழிற்சாலையைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். 1950 இல் அங்கே உற்பத்தி தொடங்கியபோது இலங்கையின் முதலாவது சீமெந்துத் தொழிற்சாலை அதுதான். சுண்ணக்கல் காலடியிலேயே கிடந்தது. களிமண் முருங்கனில் இருந்து ரயிலில் வந்தது. 1990 இல் யுத்தம் அதன் கதவை மூடியது. அங்கே சம்பளம் வாங்கி வீடு கட்டியவர்களும் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களும் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.

அந்தக் காலத்துச் சீமெந்து ஆலைகளில் ஒரு நீண்ட கொட்டகை இருக்கும். கல், ஜிப்சம், சூளையில் வெந்து வந்த கிளிங்கர் எல்லாம் அதற்குள் குன்று குன்றாகக் கிடக்கும். கூரைக்குக் கீழே, இரண்டு பக்கச் சுவர் ஓரமாகவும் தண்டவாளம். அதன் மேல் ஒரு இரும்புப் பாலம் உருண்டு போகும், பாலத்தின் மேல் ஒரு வண்டி குறுக்கே ஓடும், அதிலிருந்து ஒரு பெரிய இரும்புக் கை இறங்கி அள்ளும். இதைத்தான் மேல்நிலைப் பாரந்தூக்கி என்கிறோம். வேலைத்தளத்தில் ஓவர்ஹெட் கிறேன் என்றால்தான் விளங்கும். தரையில் ஓர் அங்குல இடத்தைக்கூடப் பிடிக்காமல் கொட்டகையின் எந்த மூலைக்கும் போய்ப் பாரத்தை எடுக்கும்.

யாழ் குடாநாட்டில் இனித் தொழில்கள் வளர வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம். அச்சுவேலிக் கைத்தொழில் பேட்டை இந்திய உதவியோடு புனரமைக்கப்பட்டு 2014 இல் திரும்பத் திறக்கப்பட்டது. படகு இயந்திரம் திருத்துகிற இடங்கள், இரும்பு வேலைத்தளங்கள், ஐஸ் பக்டரிகள் என்று பாரம் தூக்க வேண்டிய இடங்கள் கூடிக்கொண்டு வருகின்றன. அதனால்தான் இன்று இந்த விடயத்தை எடுத்தேன்.

கிறேன் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, எத்தனை தொன் தூக்கும் என்று. அது தேவையான கேள்விதான். ஆனால் அதோடு நின்றுவிடுகிறோம். ஒரு நாளைக்கு எத்தனை தரம் தூக்கப் போகிறோம் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் காசு வீணாவதும் ஆபத்து வருவதும் அந்த இடத்தில்தான்.

ஒரு படகுத் திருத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஓர் இயந்திரத்தைக் கழற்றித் தூக்குவார்கள், பின்னேரம் அதைத் திரும்ப இறக்குவார்கள். மிச்ச நேரமெல்லாம் கிறேன் சும்மா நிற்கும். இப்போது ஒரு ஐஸ் பக்டரிக்கு வாருங்கள். பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீர், அதற்குள் வரிசை வரிசையாகத் தகரக் கான்கள். கானுக்குள் நல்ல தண்ணீர் உறைந்து கட்டியானதும், மேலே இருக்கிற கிறேன் ஒரு வரிசைக் கான்களை ஒன்றாகத் தூக்கும். சாதாரணத் தண்ணீரில் தோய்த்து, கட்டி விலகியதும் சரிவில் கவிழ்த்துக் கொட்டும். வெறுங் கான்களில் தண்ணீர் நிரப்பித் திரும்பவும் தொட்டிக்குள் இறக்கும். அதற்குள் அடுத்த வரிசை காத்திருக்கும். கடலுக்குப் போகிற படகு விடியுமுன் ஐஸ் கேட்கும் என்பதால் இரவும் ஓய்வில்லை. தூக்குகிற எடை இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் திருத்தகத்துக் கிறேனை ஐஸ் பக்டரியில் பூட்டினால் அதன் மோட்டரும் பல்சில்லுகளும் பிறேக்கும் வெகு சீக்கிரம் போய்விடும்.

இதற்காகவே சர்வதேசத் தர முறையில் பாரந்தூக்கிகளை ஏ1 முதல் ஏ8 வரை எட்டு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். எப்போதாவது வேலை செய்வது ஏ1. இரவு பகலாக முழுப் பாரத்தோடு உழைப்பது ஏ8. விலை கேட்கும்போது தொன்னோடு சேர்த்து இந்த வகுப்பையும் கேளுங்கள். இரண்டு விற்பனையாளர்களின் விலை ஏன் அவ்வளவு வித்தியாசம் என்பது அப்போது வெளிக்கும்.

அடுத்தது கட்டடம். முதலில் ஒரு கொட்டகையைப் போட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்து அதே தூணில் கிறேனைப் பூட்டுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். கூரையைத் தாங்கப் போட்ட தூண் அந்தப் பாரத்துக்குப் போட்டதல்ல. பாரத்தோடு வண்டி ஒரு பக்க ஓரத்துக்குப் போகும்போது எடையில் பெரும்பகுதி அந்தப் பக்கத் தூண்களில்தான் இறங்கும். ஓடுகிற பாலத்தைச் சட்டென்று நிறுத்தினால் தூண் பக்கவாட்டிலும் ஆட்டுப்படும். அத்தோடு நம் நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடாநாட்டுக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். மழைத் தண்ணீர் காலங்காலமாக அதை அரித்துக் குகை குகையாக்கி வைத்திருக்கிறது. நவக்கிரியில் அப்படி உண்டான நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கல் தட்டுப்பட்டுவிட்டது, இனி அத்திவாரம் உறுதி என்று நினைக்க முடியாது. அந்தக் கல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று துளைத்துப் பார்த்த பிறகே தூணை நிறுத்த வேண்டும்.

இனிப் பராமரிப்பு. இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வந்தேன்.

கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த ஊர் நம்முடையது. உப்புக்காற்று போகாத வேலைத்தளம் இங்கே இல்லை. ஐஸ் பக்டரியில் காற்றில் மட்டுமல்ல, கான்களில் இருந்து சொட்டுகிற தண்ணீரிலும் உப்பு. ஆகவே உள்நாட்டு ஊர்களுக்கென்று எழுதிய பராமரிப்பு அட்டவணையை அப்படியே இங்கே பின்பற்ற முடியாது. கிறீஸ் போடுகிற இடைவெளியைக் குறைக்க வேண்டும். இரும்புப் பாலத்தின் மூட்டுகளில் வர்ணம் உரிந்தால் அந்த வாரமே சுரண்டிப் பூச வேண்டும். மின்பெட்டிகளின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பாரத்தைச் சுமக்கிற கம்பிக்கயிற்றுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஜேர்மனியில் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் சங்கிலி அறுந்து அறுந்து விழுந்துகொண்டிருந்தது. வில்ஹெல்ம் அல்பேட் என்ற சுரங்க அதிகாரி 1834 இல் இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கிப் பாவித்தார். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் முழுப் பாரமும் விழுந்துவிடும். கம்பிக்கயிற்றில் ஒவ்வொரு கம்பியாக அறும். அறுந்த நுனி வெளியே முள்ளாக நிற்கும். கயிறு அறுவதற்கு முன் சொல்லிவிடுகிறது என்பதுதான் அதன் பெருமை. அதைக் கேட்க ஆள் வேண்டும். கையால் தடவக்கூடாது, தோலைக் கிழித்துவிடும். ஒரு துணியைச் சுற்றி மெதுவாக இழுத்தால், முள் இருக்கிற இடத்தில் நூல் மாட்டும்.

கொளுக்கி புதிதாக வரும்போதே அதன் வாயின் இரண்டு பக்கமும் சிறு புள்ளி குத்தி, இடைத்தூரத்தை அளந்து எழுதி வையுங்கள். அளவுக்கு மிஞ்சித் தூக்கினால் வாய் விரியும். விரிவுக்கு உற்பத்தியாளர் ஓர் எல்லை சொல்லியிருப்பார். நூற்றுக்குப் பத்து என்றோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். அதைத் தாண்டினால் கொளுக்கியைக் கழித்துவிட வேண்டும். சூடாக்கி வளைத்துத் திரும்பப் பூட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அந்தச் சூட்டில் இரும்பின் பலமே மாறிவிடும்.

பிறேக்கை வில்தான் பிடிக்கிறது, மின்சாரம் அதை விடுவிக்கிறது. அதனால் கரண்ட் போனாலும் பாரம் விழாது, அந்தரத்தில் நிற்கும். ஆனால் மின்னழுத்தம் குறைகிற நேரத்தில் பிறேக் முழுதாக விடாமல் உரசிக்கொண்டே ஓடும். அப்போது ஒரு தீய்ந்த மணம் வரும். அந்த மணம் வந்தால் வேலையை நிற்பாட்டுங்கள். ஒவ்வொரு கனத்த பாரத்தையும் முதலில் ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்திப் பாருங்கள். அது கீழே நழுவாமல் நின்றால் மாத்திரம் மேலே கொண்டுபோகலாம்.

கொளுக்கி உச்சிக்குப் போய் முட்டாமல் தடுக்கிற லிமிற் சுவிச்சையும் தினமும் காலையில், பாரம் இல்லாமல், மெதுவாக ஏற்றிப் பார்க்க வேண்டும்.

சட்டமும் இதைக் கேட்கிறது. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி, எவ்வளவு பாரம் பாதுகாப்பாகத் தூக்கலாம் என்பதைக் கிறேனில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். 14 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ள ஒருவர் முழுதாகச் சோதிக்கவும் வேண்டும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒருவர் ஏறி நின்று வேலை செய்தால், கிறேன் அவருக்கு 20 அடிக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்பது வருடத்துக்கு முன் எழுதியது, இன்றைக்கும் ஓர் உயிரைக் காக்கும்.

இந்தக் கவனம் நமக்குப் புதிதல்ல. கிணற்றில் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மேலே நடப்பார், இன்னொருவர் கிணற்றடியில் நின்று பட்டையைக் கவிழ்ப்பார். ஏறுவதற்கு முன் ஆடுகாலையும் அச்சுலக்கையையும் துலாக்கொடியையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். அவர்களிடம் அட்டவணை இருக்கவில்லை. மேலே நிற்பது தன் அண்ணனோ தம்பியோ என்பதே போதுமாக இருந்தது.

நான் வேலை பழகிய இடத்தில் ஒரு மூத்த பிற்றர் இருந்தார். நாங்கள் பெரியையா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் காலை கயிற்றைத் துணியால் தடவியபோது எதுவும் மாட்டவில்லை. ஆனாலும் ஓரிடத்தில் கயிறு கொஞ்சம் மெலிந்திருப்பதாகச் சொல்லிக் கிறேனை நிறுத்திப் பலகை மாட்டிவிட்டார். கீழே ஓர் இழுவைப் படகின் இயந்திரம் காத்துக்கொண்டிருந்தது. படகுக்காரர் நாள் வீணாகிறது என்று சத்தம் போட்டார். முதலாளியும் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து புதுக் கயிறு வந்தது. பழையதைக் கழற்றிய பிறகு, மெலிந்த இடத்தில் இரும்பு முனை ஒன்றைச் செருகி, முறுக்கைப் பிரித்து எங்களுக்குக் காட்டினார் பெரியையா. வெளிக் கம்பிகள் ஒன்றும் அறவில்லை. உள்ளிருந்து அவருடைய உள்ளங்கையில் ஒரு பிடி செந்தூள் கொட்டியது. முதலாளி கிட்ட வந்து அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு புதுக் கயிற்றுக்குக் கிறீஸ் பூச, தன் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு அவரும் எங்களோடு குந்தினார்.