லட்சத்துல சம்பளம் வாங்குறவங்களுக்கு எதுக்கு சங்கம்?

இந்த வாரம் ஸ்டுடியோ இல்லை. அடி அண்ணாமலையில எங்க சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில இருந்து பேசுறேன். கிரிவலம் போனவங்களுக்கு ஊர் தெரிஞ்சிருக்கும், மலைக்குப் பின்பக்கம் வருமே, அதுதான். நடுவுல நாய் குரைக்கிற சத்தம் கேட்டா கோவிச்சுக்காதீங்க.

சித்தப்பா அரசு பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஸ்பெஷல் பஸ் ஓட்டி ஓட்டியே சொந்த ஊர்ல கிரிவலம் சுத்தாதவர். 2025 டிசம்பர்ல இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்குல ரத்தாச்சு இல்லையா, டிவியில அதைப் பார்த்துட்டு எனக்கு போன் பண்ணார். "ஏன்டா, பைலட்டுங்க ஸ்டிரைக்கா? லட்ச லட்சமா சம்பளம் வாங்குறவனுக்கு எதுக்குடா சங்கம், போராட்டம் எல்லாம்?"

அன்னைக்கு என்கிட்ட சரியான பதில் இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் இந்த எபிசோடு.

முதல்ல ஒரு திருத்தம். டிசம்பர்ல நடந்தது ஸ்டிரைக் இல்லை. பைலட்டுகளுக்கு வாராந்திர ஓய்வு 36 மணி நேரமா இருந்தது, 48 ஆச்சு. இரவுப் பணியில 6 தரையிறக்கம் வரைக்கும் அனுமதி இருந்தது, 2 ஆச்சு. இந்த விதிகளை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியிலேயே வெளியிட்டுடுச்சு. அமலுக்கு வராம தள்ளிப்போச்சு. பைலட் அமைப்புகள் டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போன பிறகுதான் 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு கட்டமா வந்தது. அதுக்கு ஏத்த மாதிரி ஆளும் அட்டவணையும் தயாரா இல்லை. டிசம்பர் 5 ஒரே நாள்ல ஆயிரத்துக்கு மேல விமானங்கள் ரத்து. கடைசியில என்ன ஆச்சு? அரசு இண்டிகோவுக்கு இரவுப் பணி விதிகள்ல தற்காலிகத் தளர்வு கொடுத்தது. பைலட்டுகள் பல வருஷம் போராடி வாங்கின ஓய்வு சில நாள் நெருக்கடியில பின்வாங்கிப் போச்சு.

சரி, சம்பளத்துக்கு வருவோம். இதை சித்தப்பா பாஷையிலேயே சொல்றேன். பஸ் டிரைவருக்கு அடிப்படைச் சம்பளத்தோட பேட்டா உண்டு. பைலட்டுக்கும் அப்படித்தான். ஒரு பகுதி நிலையான சம்பளம். இன்னொரு பெரிய பகுதி, பறக்குற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிடைக்கிற தொகை. நம்ம வசதிக்கு அதைப் பறக்குற பேட்டான்னு வெச்சுக்கலாம்.

கம்பெனி அட்டவணை போடலைன்னா பைலட் பறக்க முடியாது. அதனால குறைந்தபட்சம் இத்தனை மணி நேரத்துக்குப் பணம் உறுதின்னு ஒரு எண் ஒப்பந்தத்துல இருக்கும். சண்டை பெரும்பாலும் அந்த எண்ணைப் பத்தித்தான்.

2023 ஏப்ரல்ல ஏர் இந்தியா புதிய சம்பள அமைப்பைக் கொண்டுவந்தது. உறுதியான நேரம் 70-லிருந்து 40 ஆனது. ஒரு மணிக்கு 100 ரூபாய்னு சும்மா ஒரு கணக்குக்கு வெச்சுக்குங்க. முன்னாடி விமானம் பறந்தாலும் பறக்காட்டியும் 7,000 ரூபாய் வரும். இப்போ உறுதி 4,000 மட்டும். மீதி, பறந்தாத்தான். விமானம் பழுதாகி நின்னாலும், சீசன் டல்லானாலும், அந்த நஷ்டம் கம்பெனி கணக்குல இருந்து பைலட் வீட்டுக் கணக்குக்கு மாறுது. சம்பள விகிதம் அப்படியே இருந்தாலும் இது நடக்கும்.

இதைச் சொன்னதும் சித்தப்பா கேட்ட கேள்வி: "அப்போ உடம்பு முடியலைன்னு சொன்னா பேட்டா போயிடும் இல்ல?"

அதேதான். தூக்கமே இல்லை, இன்னைக்கு என்னால முடியாதுன்னு ஒரு பைலட் சொல்றது நமக்குப் பாதுகாப்பு. உறுதியான நேரம் குறையக் குறைய, அந்த ஒரு வார்த்தை சொல்றது அவருக்கு நஷ்டம். இந்தியாவுல ஒரு பைலட் வருஷத்துக்கு அதிகபட்சம் 1,000 மணி நேரம் பறக்கலாம். அந்த வரம்பு வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கச் சொல்லி சம்பளச் சீட்டே தள்ளினா, சோர்வை யார் வெளியே சொல்வாங்க?

அந்த ஒப்பந்தத்துல இன்னொரு அம்சமும் இருந்தது. சில வருஷ அனுபவம் உள்ள கேப்டன்களை நிர்வாகப் பிரிவுக்கு உயர்த்துறோம்னு கம்பெனி சொன்னது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நிர்வாகத்துல சேர்ந்துட்டா சங்கத்துல எப்படி இருக்க முடியும்? இரண்டு பைலட் சங்கங்களும் எதிர்த்தன. நிர்வாகம் சொன்ன பதில், இங்கே அங்கீகரிக்கப்பட்ட சங்கமே கிடையாது. 1,500-க்கு மேல் பைலட்டுகள் கையெழுத்துப் போட்டு ரத்தன் டாடாவுக்கு மனு அனுப்பினாங்க. யோசிச்சுப் பாருங்க, இவ்வளவு படிச்ச, இவ்வளவு சம்பாதிக்கிற மக்களுக்குக் கடைசியா இருந்த வழி பெரிய முதலாளிக்கு மனு எழுதுறது.

மறு வருஷம், 2024 ஏப்ரல் தொடக்கத்துல, விஸ்தாராவிலும் அதே 70-லிருந்து 40 பிரச்னை. பைலட்டுகள் கூட்டமா உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டாங்க. விஸ்தாரா தினமும் 25, 30 விமானங்களைக் குறைக்க வேண்டி வந்தது.

இந்த லீவு முறையும் புதுசு இல்லை. 2009-ல் ஜெட் ஏர்வேஸ் பைலட்டுகள் ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. முன்னணியில நின்ன சிலருக்கு வேலை போச்சு. செப்டம்பர்ல நூற்றுக்கணக்கான பைலட்டுகள் ஐந்து நாள் ஒட்டுமொத்தமா நோய் விடுப்பு. நீக்கப்பட்டவங்களைத் திரும்ப எடுத்துக்கிட்ட பிறகுதான் விமானம் கிளம்பிச்சு. அந்தச் சண்டை சம்பளத்துக்காக நடந்ததே இல்லை, சங்கம் வைக்கிற உரிமைக்காக. பத்து வருஷம் கழிச்சு, 2019 ஏப்ரல் 17-ல் ஜெட் ஏர்வேஸ் பறக்குறதையே நிறுத்திச்சு. அப்போ பைலட்டுகளுக்குப் பல மாசச் சம்பளம் பாக்கி. லட்சத்துல சம்பளம்னு சொல்றோமே, அது கைக்கு வந்தாத்தானே லட்சம்.

இப்போ எங்க ஊர் பக்கம் வருவோம். தமிழ்நாட்டுல பஸ் தொழிலாளர்களுக்கு மூணு வருஷத்துக்கு ஒருமுறை ஊதிய ஒப்பந்தம்னு ஒரு பழைய வழக்கம் உண்டு. தாமதமாகும், இழுபறி ஆகும், ஆனா ஒரு பக்கம் அமைச்சரும் அதிகாரிகளும், எதிர்ப்பக்கம் சங்கங்களும் உட்கார்ந்தே ஆகணும். 2018 ஜனவரி ஞாபகம் இருக்கா? சங்கங்கள் 2.57 மடங்கு கேட்டாங்க, அரசு 2.44-ல நின்னது. பொங்கல் நேரத்துல எட்டு நாள் பஸ் ஓடலை. உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருத்தரை நியமிச்ச பிறகு பஸ் ஓடிச்சு. மக்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சித்தப்பாவே ஒத்துக்கிறார். ஆனா சண்டை எதைப் பத்தின்னு ஊருக்கே தெரியும், முடிச்சு வைக்கவும் ஒரு வழி இருந்தது.

அமெரிக்காவுல 1936-லிருந்தே விமானத் தொழிலுக்கு இப்படி ஒரு சட்ட வழி இருக்கு. பேச்சுவார்த்தை, மத்தியஸ்தம், அப்புறம் 30 நாள் காத்திருப்பு, அதுக்கு அப்புறம்தான் ஸ்டிரைக். 2023-ல் டெல்டா பைலட்டுகள் நாலு வருஷத்துக்கு 34 சதவீத உயர்வு வாங்கினது அந்த வழியிலதான். ஒரு நாள் கூட ஸ்டிரைக் நடக்கலை.

பைலட்டுகள் பக்கம் தப்பே இல்லைன்னு நான் சொல்ல வரலை. 2012-ல் ஏர் இந்தியாவுல 58 நாள் போராட்டம் நடந்தது. முக்கியமான காரணம், புது ட்ரீம்லைனர் விமானப் பயிற்சி பழைய ஏர் இந்தியா பைலட்டுகளுக்கா, இணைஞ்சு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகளுக்கும் சேர்த்தா என்பது. பைலட்டுக்கும் பைலட்டுக்கும் சண்டை, நடுவுல பயணி. சுமார் நூறு பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டாங்க. ஒரே கம்பெனியில இரண்டு சங்கம் இரண்டு திசையில இழுத்தா நிர்வாகத்துக்கு வேலை சுலபம்.

இனிமே கூட்டமா லீவு போடுறதும் கஷ்டம். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, பாதிப் பேர் அல்லது அதுக்கு மேல ஒரே நாள்ல சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தா அதையும் ஸ்டிரைக்னு சொல்லுது. ஸ்டிரைக்னா குறைஞ்சது 14 நாள் முன்னறிவிப்பு வேணும். அதே சட்டம், 51 சதவீதத் தொழிலாளர்கள் உறுப்பினரா உள்ள சங்கத்தை நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கான ஒரே சங்கமா அங்கீகரிக்கணும்னும் சொல்லுது. ஒரு கதவு மூடுது, இன்னொண்ணு கொஞ்சம் திறக்குது. ஆனா அந்த 51-ஐ எட்டுறதுக்கு பைலட்டுகள் முதல்ல ஒண்ணா நிக்கணும்.

இதையெல்லாம் நேத்து ராத்திரி இதே மாடியில சித்தப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சொன்னார்: "எனக்குச் சம்பளம் கம்மிதான். ஆனா டபுள் டூட்டி பாக்க முடியாதுன்னு நான் சொன்னா எனக்காகப் பேச டெப்போவுல ஒரு ஆள் இருந்தாரு. அந்தப் பையனுக்கு யாருடா இருக்கா?"

ஐடியிலயோ ஸ்டார்ட்அப்லயோ வேலை பார்த்துக்கிட்டு, எனக்கு நல்ல சம்பளம், சங்கம் எல்லாம் எனக்கில்லைன்னு நினைக்கிறவங்க, சித்தப்பாவோட அந்தக் கேள்வியை உங்களையும் ஒருதடவை கேட்டுப் பாருங்க. அடுத்த வாரம் ஸ்டுடியோவுல இருந்து பேசுறேன்.