காத்தோங்கில் ஒரு காரைக்கால்

சிங்கப்பூரின் காத்தோங் வட்டாரத்தில், ஸ்டில் ரோடு சவுத்தில் காரைக்கால் மகால் என்று ஒரு பழைய மாளிகை இருக்கிறது. கட்டியவர் மூனா காதர் சுல்தான். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலிலிருந்து வந்து, மாட்டு வியாபாரத்தில் பெரும் பணக்காரர் ஆனவர். லிட்டில் இந்தியா அப்போது மாட்டுக் கொட்டில்கள் நிறைந்த பேட்டை. பஃபலோ ரோடு என்ற பெயர் அதற்கு இன்றும் சாட்சி.

கையில் காசு சேர்ந்தவர்கள் காத்தோங் கடலோரத்தில் ஓய்வு பங்களா கட்டிக்கொண்ட காலம் அது. 1917 வாக்கில் இவரும் அங்கே போனார். ஒரு வீடு போதவில்லை. மனைவியருக்காக ஒரே வளாகத்தில் பல வீடுகள்!

அங்கே மனைவியாக வாழவந்த பெண்ணுக்கு, சீமான்கள் நடுவில் நாம் அந்நியரோ என்ற கூச்சம் இருந்திருக்கலாம். ஆனால், அந்தச் சீமான்கள் மட்டும் எங்கிருந்து முளைத்தார்கள்? பக்கத்தில் மேயர் ரோட்டுக்குப் பெயர் தந்த மனாசே மேயர் கல்கத்தாவில் வளர்ந்த யூதர். சீனச் செல்வந்தர்களின் முன்னோரும் கப்பலேறி வந்தவர்கள்தான். முந்தின கப்பலில் வந்தவர் வீட்டுக்காரர், பிந்தின கப்பலில் வந்தவர் விருந்தாளி. அவ்வளவுதான் வித்தியாசம்!

1947இல் மகால் கைமாறி, கிராண்ட் ஹோட்டல் ஆனது. 1966இல் தொடங்கி கடலைத் தூர்த்ததில், வாசலில் இருந்த அலையும் தூரப் போய்விட்டது.

ஆகவே, வரன் பார்ப்பவர்களே, கடலைப் பார்த்த வீடு என்று மயங்கிவிடாதீர்கள். கடலே இடம் மாறும் ஊர் இது. மாப்பிள்ளையின் மனம் மாறாதா என்று மட்டும் விசாரியுங்கள்!