கெடிலக்கரைக் கோட்டையும் ஒரு தளபதியின் உயிலும்

நூறு சண்டை பார்த்த ஒரு படைத்தலைவர் கண்மூடினால் அவர் சொத்து யாருக்குப் போகும், அவரை நம்பியிருந்தவர்களுக்கு யார் துணை? 18-ஆம் நூற்றாண்டுக் கடலூரை வைத்துக்கொண்டு இதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட மனிதர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ். இந்திய ராணுவத்தின் தந்தை என்று ஆங்கிலேயர் எழுதுவது இவரைத்தான். 1748 ஜனவரியில் அவர் வந்து இறங்கியது நம் கடலூரில். சென்னை அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது.

கடலூர்க்காரர்களுக்கு இடம் சொல்ல வேண்டியதில்லை. தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலைத் தொடும் பக்கம், செயின்ட் டேவிட் கோட்டை. 1690-ல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியார் அதை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊரெல்லாம் கம்பெனிக்கு என்பது பேச்சு. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். மாணவர்களை அங்கே அழைத்துப் போகும்போதெல்லாம், "எங்க ஊரும் அதுல வருமா சார்?" என்று ஆளுக்கு ஆள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே திரும்பத் திரும்ப அழைத்துப் போகிறேன்.

அந்தக் கோட்டையில் லாரன்ஸுக்கு இரண்டு பேர் வாய்த்தார்கள். ஒருவர் ராபர்ட் கிளைவ். சிதம்பரத்துக்குக் கிழக்கே, கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் தீவுக்கோட்டை இருக்கிறதே, 1749-ல் அதைப் பிடிக்க லாரன்ஸ் போனபோது முன்னணியில் நின்றவர் கிளைவ். அவரோடு ஏறிய 34 வெள்ளைக்காரச் சிப்பாய்களில் 26 பேரைத் தஞ்சாவூர்க் குதிரைப்படை அங்கேயே வெட்டிச் சாய்த்தது. பிறகு கம்பெனி கிளைவுக்கு ஒரு வாள் பரிசளிக்க முன்வந்தபோது, என் தலைவர் லாரன்ஸுக்கும் கொடுத்தால்தான் வாங்குவேன் என்றார் கிளைவ்.

இன்னொருவர் கோட்டைப் பாதிரியார் ராபர்ட் பாக். இவரைப் பற்றி எத்தனை பேசினாலும் எனக்குச் சலிக்காது. ஜெபம் சொல்ல வந்தவர். தஞ்சாவூர் அரசவைக்குத் தூது போனார். அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு 1763-ல் சென்னைக்கே கவர்னரானார். நமக்கும் இலங்கைக்கும் நடுவே கிடக்கும் பாக் நீரிணை இவர் பெயரில்தான் இருக்கிறது. தளபதிக்கும் பாதிரியாருக்கும் கடலூரில் உண்டான அந்த நட்பு சாகும்வரை அறவில்லை. பாக் தம் மகனுக்கு லாரன்ஸ் என்றே பெயர் வைத்தார். இங்கிலாந்து திரும்பிய தளபதி பாக் வீட்டோடு ஒட்டியே வாழ்ந்தார். தமக்கென்று பிள்ளை இல்லாத அந்த மனிதர் 1775-ல் இறந்தபோது, உயிலின்படி சொத்தின் பெரும்பகுதி பாக் குடும்பத்துக்குப் போனது. பாக் 1788-ல் இங்கிலாந்தின் டெவனில் ஒரு குன்றின் மேல் ஒரு முக்கோணக் கோபுரம் எழுப்பி, உள்ளே நண்பரின் சிலையை நிறுத்தினார். அது இன்றும் நிற்கிறது. கடலூர்க் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் 1758-லேயே தகர்த்துவிட்டார்கள்.

அந்தக் காலத்து உயில்களைப் படிப்பது எனக்குப் பிடித்த வேலை. பல்லக்கு, குதிரை, வெள்ளிக் கரண்டி, நண்பனுக்கு ஒரு மோதிரம், ஊரில் இருக்கும் தங்கைக்கு இவ்வளவு என்று ஒரு மனிதன் மனம் முழுக்க அந்தத் தாளில் இருக்கும். சென்னையில் மேயர் கோர்ட் இருந்தது; எழுதிவைத்தது நடந்தது.

கிளைவும் ஒன்று செய்தார். வங்காள நவாப் மீர் ஜாபர் தமக்கு விட்டுப்போன 5 லட்சம் ரூபாயை, ஊனமுற்ற கம்பெனி வீரர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் என்று 1770-ல் நிதியாக வைத்தார். நல்ல காரியம்தான். ஆனால் கேளுங்கள்: கம்பெனி ராணுவம் இல்லாமல் போனதும் வழக்கு நடந்து, 1863-ல் அந்தப் பணம் கிளைவின் வாரிசுகளுக்கே திரும்பியது.

அதே கம்பெனிப் படையில் இருந்தவர்தான் நம் யூசுப் கான், மருதநாயகம். லாரன்ஸே மெச்சிய சிப்பாய்த் தளபதி. கம்பெனி தங்கப் பதக்கம் கொடுத்தது. ஆனால் அவரையே 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிட்டார்கள். ஆற்காட்டு நவாபின் உத்தரவு. அப்போது சென்னையில் கவர்னர் யார் தெரியுமா? நான் இவ்வளவு நேரம் மனம் குளிரப் பேசிய அதே பாக். யூசுப் கானுக்கும் மனைவி இருந்தார், சின்னஞ்சிறு மகன் இருந்தான். லாரன்ஸின் உயிலைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குழந்தை நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. சிப்பாய்களின் தோளில்தான் அத்தனை வெற்றியும் ஏறி வந்தது. 1781-ல் ஹைதர் அலியின் ஆட்கள் சிதம்பரம் கோயிலையே கோட்டையாக்கி நின்றபோது முட்டி மோதியவர்களிலும், பரங்கிப்பேட்டைப் போரில் நின்றவர்களிலும் பெரும்பாலோர் சிப்பாய்களே. அவர்களுக்குக் கோபுரம் எழுப்பியவர் யாரும் இல்லை.

நேரம் நெருங்கிவிட்டது. சொல்ல இன்னும் எத்தனையோ உண்டு. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டைப் பக்கம் பட்டாளத்துக் குடும்பங்கள் நிறைய. பரணில் ஒரு தகரப் பெட்டி, அதில் பாட்டனாரின் பென்ஷன் காகிதமோ, பட்டாளத்துச் சீட்டோ, பாகப் பத்திரமோ இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் காட்டுங்கள். படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடச் சொல்லுங்கள்.