ஒரு கல்லுக்கால்ல பந்தல் நிக்குமா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! காமயகவுண்டன்பட்டிப் பெரியோர்களே, தாய்மார்களே!

எதிரணி அம்மா சொன்னாங்க, "நட்சத்திர வீரருக்குக் கோடிகளைக் கொட்டு, கோப்பை தானா வரும்"னு. 2025 ஐ.பி.எல்.லுக்கு லக்னோ அணி ரிஷப் பந்தை 27 கோடிக்கு எடுத்தாங்க. கிடைச்சது என்ன? பத்து அணியில ஏழாவது இடம்! (சிரிப்பு)

"அப்ப தோனி?"ம்பாங்க. தோனி தங்கம்தாங்க. 2008 ஏலத்தில் அவருக்குத்தான் அதிக விலை, 15 லட்சம் டாலர். ஆனா அந்த வருஷம் இறுதி ஆட்டத்தில் சென்னையை ஜெயிச்சது யாரு? வீரர்களுக்கு ரொம்பக் குறைவா செலவழிச்ச ராஜஸ்தான்! (கைதட்டல்) 2010ல சென்னை ஜெயிச்சப்போ, இறுதி ஆட்டத்தின் ஆட்டநாயகன் சுரேஷ் ரெய்னா. பத்துப் பேரும் தோள் கொடுத்தாத்தான் தலைவனுக்குக் கோப்பை!

உங்க ஊரு திராட்சைப் பந்தலைப் பாருங்க. நடுவுல ஒரு காலைத் தங்கத்துல நட்டுட்டு, மத்ததுக்குக் குச்சியை ஊன்றினா, காய்ப்புப் பாரம் தாங்குமா?

வீட்டுலயும் இதே கதைதான். இருக்கிற பணத்தை எல்லாம் மூத்தவன் காலேஜுக்குக் கட்டிட்டு, இளையவகிட்ட "நீ பத்தாவதோட நில்லு"ன்னா, அது குடும்பமா? அதுவும் ஏலந்தான்! (பலத்த கைதட்டல்)

எனவே, பணத்தைப் பரவலாப் போடு, அணியைப் பலமாக் கட்டு என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.