வெடிக்காத தோட்டா எதுக்கு?

பேத்துப்பாறை மாதிரி, காபித் தோட்டத்துக்குள்ள யானையும் காட்டுப்பன்னியும் இறங்குற ஊர்கள்ல, லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருந்த வீடுகள் உண்டு. தாத்தா காலம் முடிஞ்சு, பேரன் பழைய வீட்டைப் பிரிக்கும்போது பரண்ல தோட்டா மாதிரி ஒண்ணு கிடைக்குது. பித்தளை, நல்ல கனம். "டம்மிதான், பயப்படாதே"ன்னு பக்கத்துல நிக்கிறவர் சொல்வார். சரி, வெடிக்காத தோட்டாவை எதுக்குச் செய்தார்கள்?

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். குலுக்கிப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. இறுக்கி அடைத்த நிஜத் தோட்டா சத்தமே போடாது. பித்தளைத் தோட்டாவை வீட்டிலேயே திரும்பத் திரும்ப மருந்து அடைச்சுப் பயன்படுத்தினாங்க. வாயை அட்டை வச்சு மெழுகு ஊத்தி மூடினா, பார்க்க அசல் டம்மி மாதிரியே இருக்கும். பல வருஷம் கிடந்தாலும் அதன் கேப்பு செத்துப்போயிருக்கும்னு நம்ப முடியாது. சுத்தியல், ஆணி, அடுப்பு எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

தோட்டாவோட ஜாதகம் அதன் அடிப்பக்கத்தில் இருக்கு. நடுவில் கேப்பு இருக்க வேண்டிய இடத்தைக் கண்ணால் மட்டும் பாருங்க. அங்கே ரப்பரோ, தோலோ இருந்தால், அது பெரும்பாலும் 'ஸ்னாப் கேப்'. காலிக் குழலில் விசையை இழுத்தால் ஊசி எதிலும் முட்டாமல் முன்னால் பாயும். பழைய துப்பாக்கியில் ஊசி முறியவும் செய்யும். ஆனால் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைக்கத்தான் வேட்டைக்காரர்கள் விரும்பினாங்க. அந்த அடியை வாங்கிக்கொள்ளும் மெத்தை இது. இரட்டைக் குழலுக்கு என்பதால் ஜோடியாகக் கிடைப்பது வழக்கம். ஜோடியாகக் கிடைத்தால் எனக்குச் சந்தேகம் பாதி தீர்ந்துவிடும். பாதிதான்!

உடம்பில் துளையோ நீளவாட்டில் பள்ளமோ இருந்து, கேப்பு இடமும் காலியாக இருந்தால், அது டிரில் ரவுண்டு, பயிற்சிக்கு உரியது. நம்ம ஊரில் இதுக்கு ஒரு கிளைக்கதை உண்டு. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் .303 ரைபிள்களைக் குழல் குடைந்து, வழவழப்பான .410 மஸ்கெட்டாக மாற்றி போலீசுக்கும் காவலர்களுக்கும் கொடுத்தாங்க. அதன் தோட்டா .303 கூட்டிலிருந்து வந்தது, கடையில் விற்கும்.410 தோட்டாவோடு சேராது. ஒல்லியாக, விசித்திரமாக ஒன்று கிடைத்தால் இந்தப் பக்கமும் யோசிக்கணும்.

எலி-கைனாக் மாதிரி கம்பெனிப் பெயர் அச்சடித்த காகிதத் தோட்டாவில் பக்கவாட்டில் வெட்டி உள்ளடக்கம் காட்டியிருந்தால், அது கடைக்காரர் காட்சிக்கு வைத்தது. ஆனா அடியில் கம்பெனி முத்திரை இருப்பதை மட்டும் வச்சு எதையும் சொல்ல முடியாது. டம்மிக்கும் நிஜத்துக்கும் கூடு ஒன்றே. தோட்டா வடிவ சிகரெட் லைட்டரும் உண்டு, அதையும் மறக்காதீங்க.

அளவிலும் பலர் குழம்புறாங்க. 12 போர் என்றால், குழலுக்குப் பொருந்தும் ஈயக் குண்டு பன்னிரண்டு சேர்ந்து ஒரு பவுண்டு. அதாவது குழல் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். தோட்டாவின் வெளி விட்டம் 20ஐத் தாண்டும். அதனால "இது 12 இல்லை"ன்னு ஒதுக்கிடாதீங்க.

சட்டம்? 1959 ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் தோட்டாக் கணக்கில் சேர்க்குது. துணைப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாத சிறு பாகங்களுக்கு 45ஆம் பிரிவு விலக்கும் தருது. ஆனா விமான நிலைய ஸ்கேனருக்கு இந்தப் பிரிவு எண்ணெல்லாம் தெரியாது. பையில் போட்டுக்கிட்டுப் போய் மாட்டிக்காதீங்க. கேப்பு இருக்கிறதா என்பதில் துளி சந்தேகம் வந்தாலும், அதை எடுத்த இடத்திலேயே வச்சு, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, போலீசுக்குச் சொல்லுங்க. அடிப்பக்கத்தை ஒண்ணு, பக்கவாட்டில் ஸ்கேல் வச்சு ஒண்ணுன்னு ரெண்டு படம் எடுத்துக்கலாம். தொடாமலே எடுக்க முடிஞ்சா மட்டும்.