ஓடாத ப்ளோயர்



கணினியில் ஒரு கோப்பை இறக்குகிறார்கள். முப்பரிமாண அச்சுப்பொறியில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுகிறார்கள். காலையில் வெள்ளிப் பூச்சு அடித்து, "அச்சு அசல் ஸ்டார் வார்ஸ் வாள்" என்று தூக்கிப் பிடிக்கிறார்கள். மெல்பேர்னிலும் சிட்னியிலும் நடக்கும் ரசிகர் விழாக்களில் இப்போது இதுதான் மோஸ்தர். அச்சுப்பொறி மேல் யாருக்கும் கோபமில்லை. அது நல்ல கருவி. அந்தக் கோப்பை வரைந்தவர் எதைப் பார்த்து வரைந்தார் என்று கேட்டால்தான் பதில் வராது. வேறொருவர் செய்த பிரதியைப் பார்த்திருப்பார். அந்த வேறொருவரும் இன்னொரு பிரதியைப் பார்த்திருப்பார். கை மாறக் கை மாற அளவு மாறுகிறது, வளைவு மாறுகிறது, கடைசியில் பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

அறிவியல் புனைகதைப் படங்களில் வந்த பொருட்களை மறுபடி செய்யும் கலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மூலப் பாகம். பிறகு அளவு. அதற்கப்புறம்தான் கைவேலை. மூலப் பாகம், அளவு, கைவேலை: இந்த வரிசையை மாற்றினால் வருவது பொம்மை.

மூலப் பாகம் என்று எதைச் சொல்கிறோம்? முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்கு 1976இல் லண்டனில் பொருட்கள் தயாரானபோது, அரங்கப் பொருட்களைக் கவனித்த ரோஜர் கிறிஸ்டியனிடம் பெரிய பணம் இல்லை. கிரேட் மார்ல்பரோ தெருவில் ஒரு கேமராக் கடைக்குப் போனார். அங்கே ஒரு பழைய பெட்டியில் அமெரிக்கப் பத்திரிகைக் கேமராக்களுக்கான கிராஃப்ளெக்ஸ் ஃப்ளாஷ் கைப்பிடிகள் கிடந்தன. எடுத்து வந்து, டி வடிவப் பட்டைத் துண்டுகளைச் சுற்றிலும் ஒட்டி, ஒரு கால்குலேட்டரின் எண்களைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழ்ப் பட்டையைப் பொருத்தினார். லூக்கின் வாள் பிறந்தது. ஓபி-வானின் வாளோ இன்னும் விசித்திரம். ரோல்ஸ் ராய்ஸ் டெர்வெண்ட் ஜெட் எஞ்சினின் ஒரு குழாய், முதல் உலகப் போர் காலத்து பிரிட்டிஷ் ரைஃபிள் எறிகுண்டு, பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கியின் ஒரு பாகம், ஆர்மிட்டேஜ் ஷாங்க்ஸ் கம்பெனியின் தண்ணீர்க் குழாய்த் திருகுபிடி. இவ்வளவும் சேர்ந்ததுதான் அது.

இதை எந்த ஸ்டுடியோவும் பட்டியல் போட்டு வெளியிடவில்லை. ரசிகர்கள் பல பத்தாண்டுகள் மங்கலான படங்களை உற்றுப் பார்த்து, ஒவ்வொரு பாகமாக அடையாளம் கண்டார்கள். ஆஸ்திரேலியர்களுக்கு இதில் தனிப் பிடிப்பு இருப்பதற்குக் காரணமும் உண்டு: கொரியப் போரில் 1951 முதல் ஆஸ்திரேலிய விமானப் படையின் 77ஆவது அணி ஓட்டிய குளோஸ்டர் மீட்டியர் விமானங்களில் இருந்தவையும் டெர்வெண்ட் எஞ்சின்களே. தாத்தா பழுதுபார்த்த எஞ்சினின் குழாயைப் பேரன் ஜெடாய் வாளாகப் பார்க்கிற நாடு இது.

வாள் சரி, துப்பாக்கி வேண்டாம். நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் துப்பாக்கி போலத் தோன்றும் பிரதிகளுக்குக் கடுமையான சட்டம் உண்டு. ஹான் சோலோவின் கைத்துப்பாக்கிக்கு அடிப்படை ஜெர்மன் மவுசர் என்று எல்லோருக்கும் தெரியும்; தெரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இங்குள்ளவர்களில் பலர் வாகனங்கள் பக்கம் சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வாகனம் என்றால் ஒரே வாகனம்தான். மேட் மேக்ஸின் கறுப்பு ஃபால்கன்.

ஜார்ஜ் மில்லர் இயக்கி, பைரன் கென்னடி தயாரித்த மேட் மேக்ஸ், 1977இல் மெல்பேர்னிலும் சுற்றுப்புறச் சாலைகளிலும் படமாகி 1979இல் வெளிவந்தது. மில்லர் மருத்துவம் படித்தவர். சாலை விபத்துகளில் அடிபட்டு வந்தவர்களைப் பார்த்தவர். கையில் இருந்த பணமோ சொற்பம். கார் 1973ஆம் ஆண்டு ஃபோர்டு ஃபால்கன் எக்ஸ்பி ஜிடி ஹார்ட்டாப், 351 கன அங்குல வி8 எஞ்சின். மெல்பேர்னின் வடக்கே பிராட்மெடோஸில் ஃபோர்டு தொழிற்சாலை நடத்திய காலத்து வண்டி. அந்தத் தொழிற்சாலையில் 2016 அக்டோபரோடு கார் உற்பத்தி நின்றுவிட்டது. ஆக, மூலப் பாகம் தேடுகிறவருக்குக் கிடங்கு கிடையாது, கம்பெனி கவுண்டர் கிடையாது. ரெக்கர்ஸ் யார்டுகளும், பண்ணை வீட்டுக் கொட்டகைகளும், ஸ்வாப் மீட்டுகளும்தான் கதி. கொழும்பில் பஞ்சிகாவத்தையிலும் சென்னையில் புதுப்பேட்டையிலும் அலைந்தவர்களுக்கு இந்த அலைச்சல் புதிதாக இருக்காது.

வண்டியின் மூக்கைப் பாருங்கள். அது ஃபால்கனின் மூக்கே கிடையாது. ஃபோர்டில் வேலை பார்த்த வடிவமைப்பாளர் பீட்டர் ஆர்கடிப்பேன், 'கான்கார்ட்' என்ற கண்காட்சி வேனுக்காக வரைந்த முன்பகுதி அது. கூரை மேலும் டிக்கி மேலும் ஸ்பாய்லர்கள், சக்கரங்களுக்கு மேல் புடைத்த விளிம்புகள், கறுப்பின் மேல் கறுப்பாகப் பூச்சு. பக்கத்துக்கு நான்காக எட்டுப் புகைக்குழாய்கள். இந்த எட்டில் முதல் படத்தில் உண்மையாக வேலை செய்தவை இரண்டே இரண்டு. மற்ற ஆறும் அலங்காரம்.

இதைத் தெரிந்தவர் எத்தனை பேர்? எட்டுக் குழாய்க்கும் எஞ்சினோடு இணைப்புக் கொடுத்து, எட்டும் உறுமும்படி செய்து, "படத்தில் வந்ததே இதுதான்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உறுமல் காதுக்கு இனிமைதான். முதல் படத்து வண்டியாக மட்டும் அது இருக்காது.

இனி ப்ளோயர். பானெட்டைப் பிளந்துகொண்டு மேலே நிற்கிறதே, அந்த சூப்பர்சார்ஜர். இந்தக் கலையின் எல்லாச் சண்டைகளும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். அது வெயாண்ட் 6-71. எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு: ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் டூ-ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின், ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு 71 கன அங்குலம். லாரிகளிலும் பஸ்களிலும் அந்த டீசலுக்குள் காற்றைத் தள்ளிய கருவியைத்தான் அமெரிக்கப் பந்தயக்காரர்கள் கழற்றிப் பெட்ரோல் எஞ்சின் மேல் ஏற்றினார்கள். பிறகு வெயாண்ட் போன்ற கம்பெனிகள் அதே அளவில் தாங்களே செய்து விற்றன. மூலத்துக்கும் ஒரு மூலம் இருக்கிறது. அங்கே வரைக்கும் போகிறவர்தான் தேர்ந்த கைவினைஞர்.

படத்தில் மேக்ஸ் கியர் கம்பியில் உள்ள சிவப்பு ஸ்விட்சைத் தட்டுவார். பெல்ட் சுழலும், வண்டி பாயும். உடம்பு சிலிர்க்கும் காட்சி. ஆனால் இந்த வகை சூப்பர்சார்ஜர் எஞ்சினோடு சேர்ந்து எந்நேரமும் சுழல வேண்டியது. ஃபேன் போல இஷ்டத்துக்குப் போட்டு அணைக்க முடியாது. படத்து வண்டியில் இருந்த ப்ளோயர் எஞ்சினுக்கு வேலை செய்யவே இல்லை. வெறும் கூடாகத்தான் அங்கே உட்கார்ந்திருந்தது. இதை மறுபடியும் சொல்ல வேண்டும், காதில் நன்றாக விழட்டும்: திரைப்படத்தில் இருந்தது ஓடாத ப்ளோயர்.

டாண்டினாங் பக்கம் ஒரு யாழ்ப்பாணத்து மெக்கானிக் இருக்கிறார். பழைய ஃபால்கன்களின் டாஷ்போர்டைப் பிரித்துக் கோர்ப்பதில் சூரர். இந்த உரையை எழுதியவர் அவருடைய கராஜில் உட்கார்ந்திருந்த ஒரு மாலையில், இளைஞர் ஒருவர் தன் எக்ஸ்பி வண்டியோடு வந்தார். உண்மையிலேயே ஓடுகிற சூப்பர்சார்ஜர் வேண்டும், குதிரைத் திறனை இரட்டிப்பாக்க வேண்டும், படத்து வண்டியை விடச் சிறப்பாக வேண்டும் என்றார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, படத்தில ஓடாததை நீர் ஓட வைச்சா அது உம்மட கார். மேக்ஸின்ர கார் இல்லை." இளைஞருக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் மெக்கானிக் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியதில்லை. சிறப்பாகச் செய்வது ஒரு வேலை, சரியாகச் செய்வது வேறொரு வேலை. விக்டோரியாவில் பானெட்டுக்கு வெளியே அப்படி ஒரு பாகத்தை நிறுத்திச் சாலையில் ஓட்ட வேண்டுமானால், வாஸ் என்ற வாகனச் சோதனைத் திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற பொறியாளரின் சான்றிதழ் பற்றியும் யோசிக்க வேண்டும். அது தனிக் கதை.

அளவு விஷயத்துக்கு வருவோம். அசல் வண்டியே இருக்கும்போது அதை அளந்தால் போதாதா என்று கேட்கலாம். அந்த வண்டி பட்ட பாட்டைக் கேளுங்கள். முதல் படம் முடிந்ததும் விற்கப் பார்த்தார்கள், ஆள் கிடைக்கவில்லை. கூலிக்குப் பதிலாக மெக்கானிக் மரே ஸ்மித்திடம் போனது. 1981இல் வந்த இரண்டாம் படத்துக்குத் திரும்ப வாங்கி, பின்னால் எரிபொருள் தாங்கிகள் ஏற்றி, அழுக்கும் துருவுமாக மாற்றினார்கள். வெடிக்க வைப்பதற்கென்று வேறு ஒரு வண்டி செய்யப்பட்டது, அசல் தப்பியது. தப்பிய வண்டி பழைய இரும்புக் கிடங்குக்குப் போய், பாப் ஃபர்சென்கோ என்பவர் கையில் மீண்டு, புதுப்பிக்கப்பட்டு, இங்கிலாந்தில் கெஸ்விக் ஊர் அருங்காட்சியகத்தில் நின்று, 2011இல் அமெரிக்காவின் மயாமிக்குப் போய்விட்டது. இரண்டு படங்களின் மாற்றங்கள், ஒரு புதுப்பிப்பு. இன்று அதன் மேல் டேப்பை வைத்து அளந்தால், புதுப்பித்தவரின் கைவேலையையும் சேர்த்துத்தான் அளப்போம்.

அதனால்தான் படச் சட்டகம் முக்கியம். ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி, வண்டியில் நமக்கு அளவு தெரிந்த ஒரு பாகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கதவுக் கைப்பிடி நல்ல அளவுகோல், ஏனென்றால் தொழிற்சாலையில் செய்தது, எந்த எக்ஸ்பியிலும் ஒன்றேதான். படத்தில் கைப்பிடி எத்தனை மில்லிமீட்டர், நிஜத்தில் எத்தனை. அந்த விகிதத்தை வைத்து மூக்கு, ஸ்பாய்லர், சக்கர விளிம்பு என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போடலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. மேட் மேக்ஸ் அனமார்ஃபிக் லென்ஸால் அகலத்திரையில் எடுக்கப்பட்ட படம். சட்டகத்தின் ஓரங்களில் கோடுகள் வளையும், சக்கரம் முட்டையாகும். ஓரத்தில் நிற்கும் வண்டியை அளந்து மூக்கு செய்தால் மூக்கு நீளும். வண்டி நடுவில் இருக்கிற, கேமராவுக்குப் பக்கவாட்டாக நிற்கிற சட்டகங்களை மட்டும் எடுக்க வேண்டும். நடுச் சட்டகம், பக்கவாட்டு வண்டி, தெரிந்த பாகம். இந்த மூன்றும் சேர்ந்தால் அளவு பொய் சொல்லாது.

பெண்டிகோவில் நவம்பர் மாத ஸ்வாப் மீட்டில் இந்த வித்தையைச் செய்தவர் ஒரு முதியவர். துருப்பிடித்த ஃபால்கன் கதவு ஒன்று புல்லில் சாய்ந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்தார், கைப்பிடியை இரு முனையிலும் பிடித்து அளந்தார், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த படத்தின் ஓரத்தில் பென்சிலால் எண்ணைக் குறித்தார். மறுபடி அளந்தார். எண் மாறவில்லை. கதவை வாங்கவில்லை, விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். அவருக்குத் தேவைப்பட்டது அந்த எண் மட்டும்.

வாங்குகிறவர்கள் எஞ்சின் அறையில் உள்ள அடையாளத் தகட்டைப் படிக்கப் பழக வேண்டும். ஜேஜி66 என்று தொடங்கினால் அது ஜிடி ஹார்ட்டாப். எக்ஸ்பி ஜிடி ஹார்ட்டாப்கள் ஆயிரத்துக்கும் குறைவாகவே செய்யப்பட்டன. இன்று அதன் விலை ஒரு வீட்டுக் கடனுக்குச் சமம். அப்படிப்பட்ட வண்டியை வெட்டி மேக்ஸின் கார் ஆக்குவது தேவையில்லாத நாசம். சாதாரண எக்ஸ்பி ஹார்ட்டாப் போதும். மூக்கும் விளிம்பும் பூச்சும் வந்த பிறகு வெளியிலிருந்து வேறுபாடு தெரியாது. உள்ளே டாஷ்போர்டையும் கடிகாரங்களையும் மட்டும் ஜிடி வகையில் தேடிப் போட வேண்டும்.

மெல்பேர்ன் படத்தைப் பற்றியே பேச்சு நீள்கிறதே என்று சிட்னி நேயர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். மேட்ரிக்ஸ் உங்கள் ஊரில் 1998இல் எடுத்த படம்தான். அதில் வரும் நோக்கியா 8110 தொலைபேசியின் மூடியைக் கடையில் வாங்கியவர்கள் கையால்தான் தள்ள வேண்டும். படத்துக்காக உள்ளே ஸ்பிரிங் வைத்தார்கள். அந்த ஸ்பிரிங்கைச் சரியாகப் பொருத்துகிறவர்கள் மரியாதைக்குரியவர்கள். 2000இலும் 2003இலும் மூர் பார்க் ஃபாக்ஸ் ஸ்டுடியோவில் எடுத்த ஸ்டார் வார்ஸ் படங்களின் பொருட்கள் பெரும்பாலும் புதிதாக வரைந்து கடைந்தவை. அழகானவை, ஆனால் தோண்டிப் பார்க்க அடியில் அதிகம் இல்லை. பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் 2008 இறுதியில் ஸ்டார் வார்ஸ் கண்காட்சி வைத்தபோதும், கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் தேர்ந்த கண்கள் தேடியது பழைய படங்களின் பொருட்களைத்தான்.

மேட் மேக்ஸ் படத்திலேயே இன்னும் கவனம் போதாத பொருள் ஒன்று உண்டு. போலீஸ் மோட்டார் சைக்கிள்கள். அவை கவாசாகி கேஇசட்1000. முன்னால் உள்ள காற்றுத்தடுப்புக் கூடுகளைச் செய்தது லா பாரிசியன் என்ற மெல்பேர்ன் நிறுவனம். கார் மேல் விழுந்த கண்களில் கால்வாசி அந்தக் கூடுகள் மேல் விழுந்தாலும் நல்லது. யார் வீட்டுக் கொட்டகையிலாவது அப்படிக் கூடு ஒன்று கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள், நேயர்களே.

விடுமுறைக்குப் புரோக்கன் ஹில் பக்கம் போகிறவர்கள் இன்னும் 25 கிலோமீட்டர் தள்ளி சில்வர்ட்டன் வரை போய் வாருங்கள். இரண்டாம் படம் எடுத்த நிலம் அது. 2010இல் தொடங்கிய மேட் மேக்ஸ் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. கறுப்பு ஃபால்கன் பிரதியைப் பார்த்ததும் நேராகப் பின்பக்கம் போய்த் தாங்கிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது 1981 வண்டி, இல்லாவிட்டால் முதல் படத்து வண்டி. எது என்று தீர்மானித்துக்கொண்ட பிறகு கேமராவை எடுங்கள். அளவுக்காக எடுப்பதானால் வண்டியைச் சட்டகத்தின் நடுவில் வையுங்கள்.