பள்ளிப் பிராதும் நமது கடமையும்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உபாத்தியாயர் ஒருவர் தன்னிடம் தகாதவாறு நடந்தாரென்று குழந்தை சொன்ன மாத்திரத்தில், நாம் இரு கட்சியாய்ப் பிரிந்துவிடுகிறோம். "ருஜுவாகாத சங்கதி, பள்ளியின் பேர் கெடும்" என்பார் ஒரு சாரார். மற்றவரோ பொழுது சாயுமுன் அவரைக் குற்றவாளியாக்கித் தெருவெங்கும் தமுக்கடிப்பர். ருஜுத் தேடுதல் நம் வேலையுமன்று, தலைமையாசிரியர் வேலையுமன்று.

2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம், 18 வயது நிரம்பாதார்க்குத் தீங்கு நேர்ந்ததென்று தெரிந்தாலும், நேருமென்று அஞ்சினாலும் போலீசுக்கு அறிவிக்கச் சொல்கிறது. ருஜுவைக் கேட்கவில்லை. தமக்குக் கீழுள்ளவர் குற்றத்தை அறிவியாத ஸ்தாபனத் தலைவருக்கு 1 வருஷம் வரை சிறையுண்டு. நல்லெண்ணத்துடன் அறிவித்தவர்மேல் வழக்கில்லை. பொய்யென்று ஏற்பட்டாலும் குழந்தைக்குத் தண்டனையில்லை. விசாரணை முடியுமட்டும் உபாத்தியாயரை வகுப்பினின்று விலக்கிவைப்பது தீர்ப்பாகாது என்பதையும் பெற்றோர் உணரவேண்டும்.

வீட்டில் நடக்கும் விசாரணையோ பெருங்கேடு. அத்தையும் சித்தப்பாவும் மாறிமாறிக் குழந்தையைத் துளைக்கின்றனர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து மக்மார்ட்டின் பாலர் பள்ளி விஷயத்தில், 1983இல் போலீசாரே சுமார் 200 பெற்றோருக்குக் கடிதமெழுதிப் பிள்ளைகளைக் கேட்கச் சொன்னார்கள். பிறகு விசாரித்தவர்களும் விடையை வாயில் ஊட்டியே கேட்டனர். 1990இல் ஒருவர்மீதும் குற்றம் ருஜுவாகாமல் வழக்கு முடிந்தது. குழந்தைகளின் சொந்த வாக்கு எது, பிறர் புகுத்தியது எது என்று பிரித்தறிய வழியில்லாமற் போயிற்று.

பிராதுக்குள்ளானவர் நம்மவராயின், சமாதானம் பேசச் சங்கத்தாரை அழைக்கிறார்கள். நாம் போகலாகாது. அழைக்க வருவோரிடம் குழந்தைகள் உதவிக்கான 1098 என்னும் டெலிபோன் எண்ணைக் கொடுத்தனுப்புவோம்.